சீதனம் என்று எழுதியிருந்தது

இன்சூரன்ஸ் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் செய்யத் தொடங்கிய தொழில் மொழிபெயர்ப்பு. தொழில் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். பகல் பதினோரு மணிக்கு மேசையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்தால் கடை திறந்தாயிற்று. வருவதெல்லாம் தமிழ்க் காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரம், கோயிலிலோ சர்ச்சிலோ கல்யாணம் நடந்ததற்கான தாள். பாஸ்போர்ட்டுக்கோ கோர்ட்டுக்கோ அவற்றை ஆங்கிலத்தில் ஆக்கித் தரவேண்டும். தாராவியிலும் கோவண்டியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். அதனால் எனக்கு வேலை வந்துகொண்டே இருந்தது.

ஒரு ஜூலை மாதம், மழையில் ரயில்கள் நின்று நின்று ஓடிய ஒரு நாளில், தாராவியிலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். ஸ்டேஷன் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு மராத்தி வக்கீல் அம்மா அனுப்பியிருந்தார். பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அம்மா வீட்டிலேயே ஸ்கூல் பைகளுக்கு வார் தைத்துக் கொடுப்பவர். இருவரும் முழங்கால்வரை நனைந்திருந்தார்கள். ஆனால் அந்த அம்மா மார்போடு அணைத்துக் கொண்டுவந்த பிளாஸ்டிக் கவர் மட்டும் காய்ந்திருந்தது. அதற்குள் ஒரு பைபிள். பைபிளுக்குள் இரண்டு தாள்கள்.

"இத இங்கிலீசுல எழுதித் தரணும் யக்கா. வக்கீலம்மா கேட்டாவ," என்றார்.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். நீல மையில், அழுத்தி எழுதிய கையெழுத்து. கீழே இரண்டு வீட்டார் கையெழுத்தும் இருந்தது. யார் எழுதியது என்று கேட்டேன்.

"எங்க வீட்டு அவ்வோதான். இவ கல்யாணத்துக்கு எழுதுனாவ. ரெண்டு வருசத்துல அவ்வோ போய்ச் சேந்துட்டாவ. நான் எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன் யக்கா. ஆனா அந்த எழுத்தப் பாத்தாலே கண்ணு மறைச்சிருது."

பெண் சொன்னாள்: "நான் ஹிந்தி மீடியம் ஆன்ட்டி. பப்பா என்ன எழுதியிருக்காங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நிச்சயத்தன்னிக்கு உபதேசியார் எல்லார் முன்னாடியும் வாசிச்சாங்க. நான் உள்ள ரூம்ல புடவை கட்டிக்கிட்டு இருந்தேன். வெளிய ஒரே ஷோர். ஒண்ணும் கேக்கல."

உபதேசியார் என்றால் அவர்கள் சர்ச்சில் ஊழியம் செய்பவர். தாளின் அடியில் அவர் கையெழுத்தும் இருந்தது.

கதையைப் பெண்ணே சுருக்கமாகச் சொன்னாள். கோபர்கைரனேயில் கட்டிக் கொடுத்தார்கள். கணவன் துபாய்க்கு வேலைக்குப் போனான். முதலில் தினமும் போன் செய்தான், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிறகு ஒரு நாள் தனக்கு அங்கே வேறு ஒருத்தி இருப்பதாகச் சொல்லிவிட்டான். சண்டையில்லை, அடியில்லை. அவள் ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு தாராவிக்கு வந்துவிட்டாள். பிரிந்துவிடுவதென்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் அவள் கல்யாணத்துக்குக் கொண்டுபோன சாமான்கள் மாமனார் வீட்டில் இருக்கின்றன. கேட்டால், அது எங்கள் வீட்டுக்குக் கொடுத்தது என்கிறார்கள்.

"சரி, வாசிக்கறேன். நீயும் கேட்டுக்கோ," என்று சொல்லி முதல் தாளை எடுத்தேன்.

கழுத்துச் சங்கிலி ஒன்று. வளையல் நான்கு. கம்மல் ஒரு ஜோடி. ஸ்டீல் பீரோ ஒன்று, கண்ணாடி வைத்தது. கட்டில், மெத்தை. பித்தளை அண்டா ஒன்று, பெரியது. எவர்சில்வர் பாத்திரங்கள் இன்னின்ன. அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு வந்தேன்.

"தையல் மிஷின் ஒன்று. இது என் மகளுக்கு மட்டும். வேறு யாரும் பாத்தியம் கொண்டாட வேண்டியதில்லை."

"பாத்தியம்னா?" என்றாள் பெண்.

"உரிமை. ஹக்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. அம்மா எழுந்து அவள் பின்னால் போய் நின்றார். நான் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். இரண்டு நிமிடத்தில் ஆகவேண்டிய டீயை நிதானமாகப் போட்டேன்.

திரும்பி வந்தபோது பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்கூல்ல படிக்கும்போது மம்மியோட மிஷினை எடுத்து எனக்கு ஃபிராக் தைப்பேன் ஆன்ட்டி. மம்மி திட்டுவா, வேலை கெட்டுப் போவுதுன்னு. அப்ப பப்பா சொன்னாங்க, ஒனக்குன்னு ஒண்ணு வாங்கித் தாரேன்னு. மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். கல்யாணத்தப்போ மிஷின் வந்திச்சு. எல்லாச் சாமானோட அதுவும் ஒரு சாமான்னு நெனச்சேன்."

இரண்டாவது தாள் சிறியது. மாப்பிள்ளைக்கு என்று தலைப்பு. கைக்கடிகாரம், மோட்டார் பைக், பிறகு 'சுருள்' என்று ஒரு சொல். எனக்கு அது புரியவில்லை. எங்கள் குடும்பம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மாட்டுங்காவுக்கு வந்தது. எங்களிடம் அந்தச் சொல் இல்லை.

"வெத்தலைக்குள்ள ரூவாய வச்சு சுருட்டிக் குடுக்கது யக்கா. எங்க பக்கம் அப்படித்தான்," என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தாள விட்ருங்களேன். மொதத் தாளு போதும்லா?" என்றார்.

விடமுடியாது, கொடுத்த தாளில் உள்ளதை முழுவதும் எழுதவேண்டும் என்று சொன்னேன். அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வற்புறுத்தவில்லை.

அன்று மாலையே வேலையை முடித்தேன். இரண்டு தாளுக்கும் சேர்த்துத் தலைப்பில் யோசிக்காமல் 'டௌரி லிஸ்ட்' என்று அடித்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை வக்கீல் அம்மாவின் போன். மராத்தியில்தான் பேசினார். "இப்படித் தலைப்புப் போட்டால் நான் இதை எப்படிக் காட்டுவது? டௌரி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அந்த அம்மா தானே கொடுத்ததாக எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மூலத்தில் என்ன வார்த்தை இருக்கிறது? ஹுண்டாவா, ஸ்த்ரீதனா?"

ஹுண்டா என்றால் மராத்தியில் வரதட்சிணை. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "சீதனம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானே அதைக் கேட்டேன். ஸ்த்ரீதன். சீதனம்.

"இரண்டும் ஒன்றுதான்," என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "ஸ்த்ரீதனம்தான் எங்கள் வாயில் தேய்ந்து சீதனம் ஆகியிருக்கிறது. பெண்ணின் சொத்து."

"அப்படியானால் அதையே போடுங்கள். ஏன் மாற்றினீர்கள்?"

ஏன் மாற்றினேன்? போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. தலைப்பில் 'சீதனம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் பார்த்தேன், படித்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு என் மனதில் இருந்த அர்த்தம், தெற்கத்திக்காரர்கள் வரதட்சிணைக்கு வைத்திருக்கும் பெயர் என்பதுதான். இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வரன் என்றால் மாப்பிள்ளை. தட்சிணை என்றால் சடங்கு முடிந்ததும் புரோகிதருக்கு வைத்துக் கொடுப்பது. ஆக, மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் தட்சிணை. ஒன்று அவன் பெயரில், ஒன்று அவள் பெயரில். தாராவியில் ஒரு மனிதர், பள்ளிக்கூடம் எத்தனை வருஷம் போனாரோ தெரியாது, மகளுக்கு உரியதை ஒரு தாளில் எழுதி அதற்கு மட்டும் சீதனம் என்று தலைப்புப் போட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு உரியதை வேறு தாளில் எழுதியிருந்தார். அவர் பிரித்துவைத்ததை நான்தான் ஒன்றாக்கிவிட்டேன்.

எங்கள் வீடுகளில் வரதட்சிணை என்ற சொல்லை யாரும் தங்களைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது எப்போதும் வேறு வீட்டில் நடப்பது, பேப்பரில் வருவது. எங்களுடையது 'செய்யறது', 'போடறது', 'சீர்'. சீர் என்றால் சிறப்பு, மரியாதை. அதைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? மாட்டுங்காவில் என் கல்யாணத்தின்போது மாமனார் வீட்டில், நாங்கள் எதுவும் கேட்கவில்லை என்றுதான் சொன்னார்கள். கேட்கவும் இல்லை. "பொண்ணுக்கு என்ன போடறதா உத்தேசம்?" என்று மட்டும் விசாரித்தார்கள். என் அப்பா போட்டார். கல்யாணமான மூன்றாம் வருஷம் என் நாத்தனாருக்குக் கல்யாணம். மாமியார் என் கையைப் பார்த்தார். நான் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆபீசில் என் பக்கத்து மேசையில் லக்னோக்காரத் தோழி ஒருத்தி இருந்தாள். அவள் ஒருமுறை சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டில் ஜஹேஸ் என்பார்களாம். பயணத்துக்குத் தேவையானதைச் சேர்த்துக் கட்டிக்கொடுப்பது என்று அதற்குப் பொருள். கப்பலுக்குச் சொல்லும் ஜஹாஸ் என்பதற்கும் அதுதான் வேர். நாம் ஹிந்தியில் தஹேஜ் என்று கேட்டு வெறுக்கும் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான் என்றாள். "பொண்ணு கடல் தாண்டிப் போறா, வெறுங்கையோட அனுப்பலாமா?" என்று சிரித்தாள். அவளுக்கும் கல்யாணத்தில் கொண்டுபோன எதுவும் கையில் மிஞ்சவில்லை.

மொழிபெயர்ப்பைத் திருத்தினேன். தலைப்பில் 'சீதனம்' என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டு, கீழே 'பெண்ணுக்குச் சொந்தமான பொருள்கள்' என்று எழுதினேன். இரண்டாவது தாளையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். கேட்கப்போவது முதல் தாளில் உள்ளதை மட்டும்தான், இரண்டாவதைத் தனியே வைத்துக்கொள்கிறேன் என்று வக்கீல் அம்மா திருப்தியாகச் சொன்னார். கல்யாணத்தில் கொடுத்ததைப் பட்டியல் போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி வைப்பவர்களே கிடையாது என்றார்.

பத்து நாள் கழித்து அவருடைய அலுவலகத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசினார்கள். மூலத்தை வாசிக்க என்னையும் கூப்பிட்டிருந்தார். மாமனாரும் மாமியாரும் கோபர்கைரனேயிலிருந்து வந்திருந்தார்கள். நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் வேறு. வந்தவர் ஒல்லியான, நரைத்த மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். மருமகளைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். மகன் செய்த காரியத்தில் மனிதர் குன்றிப் போயிருந்தார். ஆனால் சாமான் விஷயத்தில் பிடி விடவில்லை.

நான் வாசித்து முடித்ததும் சொன்னார்: "சீதனம்னா மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்கது. எங்க ஊர்ப் பக்கம் யாருட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பொண்ணு கூட வந்தது வீட்டுச் சாமான். வீட்டுச் சாமான் வீட்டுலதான் கெடக்கும்."

நான் சொல்லின் பொருளை விளக்கினேன். ஸ்த்ரீ என்றேன், தனம் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. சமஸ்கிருதத்துல அப்படி இருக்கலாம். நாங்க பேசுதது தமிழு," என்றார். வக்கீல் அம்மாவுக்குப் பேச்சு புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த மாமியார், "யாருட்ட கேக்கணும்? எங்கிட்ட கேளுங்களேன்," என்றார்.

எல்லோரும் திரும்பினோம். அவர் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் எங்கப்பா சீதனம் தந்தாவல்லா? அண்டா ஒண்ணு தந்தாவ. எம்பேரு வெட்டித் தந்தாவ. நான் மூத்தவன் பேறுகாலத்துக்கு எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா அண்டா இருந்த எடம் காலியா கெடக்கு. ஒங்க தங்கச்சிக்குக் கல்யாணச் சாமானோட சேத்துக் குடுத்துட்டிய. யாருட்ட கேட்டிய?"

"அது எப்பவோ நடந்தது. இப்ப எதுக்கு?"

"எனக்கு நேத்து நடந்த மாதிரி இருக்கு. பேரு வெட்டுன சாமான் யாருதுன்னு இந்தம்மா பொஸ்தகம் பாத்தா சொல்லணும்?"

வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் வக்கீல் அம்மாவுக்கு மராத்தியில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி, வேண்டாம், புரிகிறது என்பதுபோலத் தடுத்தார்.

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "மிஷின நான் யாரையும் தொட விடல மக்ளே. மேல துணி போட்டு மூடி வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ."

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பீரோ, பாத்திரம், மிஷின், வளையல் எல்லாம் எடுத்துட்டுப் போவட்டும். சங்கிலி மட்டும் இல்ல. அவன் துபாய்க்குப் போவயில வித்துட்டான்."

பெண்ணின் அம்மா ஏதோ சொல்ல வந்தார். பெண் அவர் கையைப் பிடித்தாள். "மம்மி, போதும் விடு." பிறகு மாமனாரிடம், "பைக்கும் வாட்சும் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. அது பப்பா அவருக்குக் குடுத்தது," என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அந்த மனிதரின் கண் கலங்கியது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் பெண்ணின் அம்மா என்னிடம், "அந்தக் காலத்துல எங்க பக்கம் பரிசம் போட்டுதான் யக்கா பொண்ணு எடுப்பாவ. மாப்பிள்ள வீட்டுலருந்துதான் பொண்ணு வீட்டுக்குக் குடுக்கணும். எப்ப தலகீழா மாறிச்சின்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அன்று சாப்பிடும்போது என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "உங்க தங்கை கல்யாணத்துக்கு என் வளையல் ரெண்டு போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவர் ரசத்தைக் கலப்பதை நிறுத்தினார். "அதுக்கென்ன இப்போ? அம்மா கேட்டா. நீதானே கழட்டிக் கொடுத்தே?"

"ஆமாம், நான்தான் கொடுத்தேன். யாரும் பிடுங்கலை. ஆனா அம்மா வாயைத் திறந்து கேக்கலை. என் கையைப் பாத்தா. நீங்களும் பாத்தேள்."

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "கொடுக்காட்டா என்ன ஆயிருக்கும்னு நினைக்கறே?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியாது. வேண்டாம்னு சொல்லலாம்னே எனக்குத் தோணலை."

"எனக்கும் தோணலை," என்றார் அவர். "அது உன்னோடதுன்னே தோணலை. ஆத்தோடதுன்னுதான் இருந்தது." நாற்பது வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியது அந்த ஒரு முறைதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் வருகிறது, கட்டாயம் வரவேண்டும் என்று அந்த அம்மா போன் செய்தார். தாராவியில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள், மாடியில். ஏணி மாதிரி செங்குத்தான இரும்புப் படி. டெம்போக்காரர்கள் பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்து படியடியில் நின்று மேலே பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், கயிறு கட்டிப் பார்த்தார்கள். பீரோ ஏறவில்லை. சந்து முழுவதும் ஆளாளுக்கு யோசனை சொன்னது. கடைசியில் கீழ்வீட்டில் பை தைக்கும் பட்டறைக்காரர், நம்ம கடையிலேயே நிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். "என் பீரோவுக்கு நான் கீழ எறங்கி வந்து துணி எடுக்கணும்," என்று பெண் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தையல் மிஷின் ஏறிவிட்டது. ஜன்னலோரம் வைத்து, மூடியிருந்த துணியை எடுத்தாள். தூசு இல்லை. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பக்கவாட்டு டிராயரைத் திறந்தபோது உள்ளே ஊதா நிறத்தில் ஏதோ மடித்து வைத்திருந்தது. விரித்தாள். பாதி தைத்த ஜாக்கெட்.

"அத்தையோடது," என்றாள், மாமியாரைச் சொல்லி. "நான் கெளம்பி வர்றதுக்கு முன்னாடி தைக்க ஆரம்பிச்சது. கை மட்டும் வெக்கல."

"வெட்டித் தூரப் போடு. அவளுக்கு எதுக்குட்டி தைக்க?" என்றார் அம்மா. சொன்ன குரலில் அவ்வளவு வேகமில்லை.

"அளவு எனக்குத்தான் மம்மி தெரியும். வேற யாரும் தைச்சா அவங்களுக்குத் தோள்ல பிடிக்கும்."

ஊதா நூலைத் தேடி எடுத்து ஊசியில் கோத்தாள். நான் டீயைக் குடித்து முடிக்கும்போது ஒரு கை வைத்து முடித்திருந்தாள்.